வெயிலில் நிற்கட்டும்

அக்டோபர் 6, திங்கள்

விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டது. வீடு கிளமென்டுக்கு. விமானம் எனக்கு.

என் வக்கீல் கடைசி வரை மன்றாடினார். கடற்கரைச் சாலையில் இருக்கும் வீட்டை விட்டுவிட்டு, பழைய ஒற்றை எஞ்சின் செஸ்னா ஒன்றைக் கேட்பவர் உண்டா, அதுவும் ஓட்ட உரிமம் இல்லாதவர் என்றார். கிளமென்டும் தன் வக்கீலிடம் விமானத்தையே கேட்டிருந்தாராம். வீடு, கார், எது வேண்டுமானாலும் அவள் எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு விமானம் மட்டும் போதும் என்று. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அதன் மேல் ஆசையே வந்தது.

கோர்ட் வாசலில் கிளமென்ட் பின்னாலேயே வந்தார். "ஜெசி, அது ஹேங்கர்லயே நிக்கட்டும். வாடகைய நான் கட்டிக்கிடுதேன்" என்றார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மதியம் தங்கை ரோஸ்லின் வீட்டில் சாப்பாடு. இனி அங்கேதான் மாடியில் என் ஜாகை. சீலா மீன் குழம்பு, நல்ல புளிப்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு பகலில் தூங்கினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

காலையில் வெள்ளாங்கரைக்குப் போனேன். யுத்த காலத்தில் போட்ட ஓடுபாதை; இந்தப் பக்கம் உப்பளம், அந்தப் பக்கம் கடல். எங்கள் பறக்கும் கிளப் அங்கேதான் இருக்கிறது. நாலு விமானம் நிற்கும் ஒரே ஒரு ஹேங்கர், தகரக் கூரை.

மேனேஜர் சுயம்புவைக் கூப்பிட்டு, என் விமானத்தை வெளியே இழுக்கச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. பறக்கப் போறீங்களா மேடம் என்றார். இல்லை, இனிமேல் அது வெளியேதான் நிற்கும் என்றேன்.

"கடல் பக்கம் மேடம். உப்புக்காத்து அரிச்சிரும். மழையும் வரப் போவுது."

"அரிக்கட்டும்" என்றேன்.

எங்கே நிறுத்துவது என்பதை நேற்றே முடிவு செய்திருந்தேன். கிளப்பில் தலைமைப் பயிற்சியாளர் கிளமென்ட். அவர் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே, நிழல் ஒரு பொட்டும் விழாத சிமென்ட் தளம் இருக்கிறது. அங்கே நிறுத்தி, இரண்டு இறக்கையிலும் வாலிலும் கயிறு போட்டுத் தரையிலுள்ள வளையத்தில் கட்ட வைத்தேன். காற்றில் பறந்து போய்விடக் கூடாது. அப்படிச் சட்டென்று முடிந்துபோனால் எனக்கு என்ன லாபம்?

வெளியே நிற்கும் விமானத்துக்கு என்னென்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். கூரைக்குள் நின்றால் முப்பது வருடம் தாங்குவது, வெளியே நின்றால் ஒரு மழைக்காலத்தில் முகம் மாறிவிடும். முதலில் கண்ணாடி மங்கும். பிறகு மேல்பக்கத்துச் சாயம் வெளுத்துப் பொடியாகும். ஆணித் தலைகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். எஞ்சினுக்குள் மைனா கூடு கட்டும். பெட்ரோல் தொட்டியில் தண்ணீர் இறங்கும். ஒவ்வொன்றையும் அவர் தினமும் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்ப்பார்.

அக்டோபர் 9, வியாழன்

இன்று வெயில் நன்றாக அடித்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

துறைமுகத்தில் இரண்டு கன்டெய்னர் மாட்டிக்கொண்டு நாள் பூராவும் அலைச்சல். அப்பா விட்டுப்போன கிளியரிங் ஏஜென்சி என் கழுத்தோடு கட்டிய கல்.

ரோஸ்லின் சாயங்காலம் கேட்டாள். ஏன்க்கா, ஒரு தகரத்தின் மேல் போய் உனக்கு இவ்வளவு வன்மமா என்று. தகரத்தின் மேல் இல்லை என்றேன்.

எழுதி வைக்கிறேன். எங்களில் முதலில் பறந்தது நான். கிளமென்டுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அந்த விமானத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினோம். இடது இருக்கை என்னுடையது, வலது அவருடையது. மூன்று வருடத்துக்கு முன்னால், எனக்குத் தெரியாமல் மதுரைக்குப் போய், விமானிகளுக்கு உடல்தகுதி பார்க்கும் டாக்டரிடம் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தார். என் மனைவிக்கு நினைவு தப்புகிறது, கடலுக்கு மேலே வைத்தே தப்பியது என்று. டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் எனக்கே தெரியும். ஸ்கேன் எடுத்தார்கள், தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் புருஷன் வாயால் சொன்னது போதுமாக இருந்தது. உரிமம் போய்விட்டது.

மறுநாள் காலையில் அவர் இடது இருக்கையில் உட்கார்ந்து பறந்தார். நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே போனது.

அவர் சொல்வது அத்தனையும் கற்பனை. அன்றைக்கு வெயில் கண்ணில் அடித்தது, அவ்வளவுதான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி விடுமுறை. கிளப் பக்கம் போனால் விமானத்துக்கு மேல் புத்தம்புதிதாக ஓர் உறை. அளவெடுத்துத் தைத்தது, மூக்கிலிருந்து வால் வரை. கிளமென்ட் கொண்டுவந்து போட்டிருக்கிறார். என் விமானத்துக்கு என்னைக் கேட்காமல் சட்டை போடுகிறார்.

கழற்றினேன். பக்கத்து உப்பளத்தில் மழைக்கு முந்தி குவியல்களை மூட ஓலை போதாமல் ஆட்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கொடுத்துவிட்டேன். உப்புக்காவது பிரயோஜனப்படட்டும். மாரிக்கனி என்ற பெண் தார்ப்பாய் மாதிரி நல்லா கெட்டியா இருக்கும்மா என்று தடவிப் பார்த்தாள்.

திரும்பும்போது அவர் அறை ஜன்னலைப் பார்த்தேன். திரை போட்டிருந்தது. திரைக்குப் பின்னால் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 25, சனி

காலையில் டீ மடியில் கொட்டிவிட்டது. எப்போது கொட்டியது என்று தெரியவில்லை, புடவை ஆறிப்போய் ஈரமாக இருந்தது. நேற்று தூக்கம் போதவில்லை. புழுக்கம்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அம்மா கல்லறையை ரோஸ்லின் மகள் மெர்லின் கழுவிவிட்டாள். செவ்வந்தி மாலை போட்டோம். நாங்கள் போவதற்கு முன்பே அங்கே ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. கிளமென்டாகத்தான் இருக்கும், என் அம்மாவுக்கு அவர் மேல் கொள்ளைப் பிரியம். அணைத்துவிட்டு என்னுடையதை ஏற்றினேன்.

மெழுகு வழிந்து கையெல்லாம் கட்டியாகியிருந்தது. பக்கத்தில் நின்று மூன்று தடவை கூப்பிட்டாளாம் ரோஸ்லின். கூட்டத்துச் சத்தத்தில் காதில் விழவில்லை. அவள் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

நாலு நாளாக மழை. இன்று வெறித்ததும் போய்ப் பார்த்தேன்.

கண்ணாடி முழுக்க மயிர்க்கோடாக விரிசல், உள்ளே பார்த்தால் பால் ஊற்றிய மாதிரி இருக்கிறது. இறக்கையின் மேல்பக்கம் விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. கதவுக் கீலில் துரு. இருக்கைத் துணியில் பூஞ்சை வாடை. நான் நினைத்ததைவிட வேகம். மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று இடிக்கிறது. எஞ்சினுக்குள் கூடு இல்லை. கீழே தரையில் சுள்ளியும் வைக்கோலும் கிடக்கிறது, யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். காற்று வேகம் பார்க்கும் குழாயில் குளவி போகாமல் துணி சுற்றியிருக்கிறது. சக்கரத்தில் காற்று இறங்கவே இல்லை. சுயம்புவைக் கேட்டேன். தெரியாது மேடம் என்று தலையைச் சொறிந்தார். பேச்சை மாற்றுவதற்காக இன்னொன்று சொன்னார். கொம்பாடி விலக்கில் பரோட்டாக் கடை வைத்திருக்கும் பொன்னுலிங்கம் என்பவர், ரோட்டிலிருந்து விமானத்தைப் பார்த்துவிட்டு வந்தாராம். விலைக்குக் கிடைக்குமா, கடை வாசலில் நிறுத்தினால் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து சாப்பிடும் என்று கேட்டாராம். சிரித்துவிட்டேன். ஆனால் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 15, சனி

விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். நினைத்தது சரி. கிளமென்ட் இறக்கைக்குக் கீழே குத்தவைத்து, தொட்டியிலிருந்து தண்ணீர் கலந்த பெட்ரோலைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் இறக்கிக்கொண்டிருந்தார். சட்டை முதுகெல்லாம் சகதி.

என் பொருளைத் தொட உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "உனக்குக் கோவம் எம்மேல. என்னைய எத்தன அடி வேணும்னாலும் அடி. இது என்ன செஞ்சுச்சு உன்னைய?"

"நான் என்ன செஞ்சேன் உங்கள?"

குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு பழைய கதையை ஆரம்பித்தார். கடலுக்கு மேலே, நான் கண்ணைத் திறந்தபடியே நினைவில்லாமல் போனது, விமானத்தின் மூக்கு இறங்கினது. கேட்டுக் கேட்டுப் புளித்தது. வெயில் என்றேன். அவர் குப்பியைக் கீழே ஊற்றினார்.

அடுத்த தடவை தொட்டால் போலீசுக்குப் போவேன் என்று சொல்லிவிட்டு, குழாயில் சுற்றியிருந்த துணியையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 22, சனி

ஜெயித்துவிட்டேன்.

பதினொரு மணி வாக்கில் கிளமென்ட் என் ஆபீசுக்கு வந்தார். இளைத்திருக்கிறார். உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே பேசினார். இன்னொரு மழை தாங்காது, உள்பக்கம் அரிக்க ஆரம்பித்துவிட்டது, அதற்குப் பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது என்றார். நான் பில்லுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"மதுரைக்குப் போறேன். டாக்டர்ட்ட, நான் அன்னைக்குக் கோவத்துல பொய் சொன்னேன்னு சொல்லுதேன். உனக்குத் திரும்பக் குடுத்துருவாங்க. அத உள்ள வைக்க மட்டும் விடு."

பேனாவை மூடினேன். எழுதிக் கொடுப்பீர்களா என்றேன். கொடுக்கிறேன் என்றார். கிளப்பில் எல்லார் முன்னாலும் சொல்வீர்களா என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார். மூன்று வருடமாக நான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி இதுதான், அதில் அவர் அழுவார். நிஜத்தில் அழவில்லை. பரவாயில்லை.

சாயங்காலம் ரோஸ்லின் வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன். என்ன விசேஷம் என்றாள். சொன்னேன். அவள் அல்வாவைத் தொடவில்லை.

நவம்பர் 24, திங்கள்

விமானத்தை உள்ளே தள்ளினோம். கிளமென்ட் ஓர் இறக்கையைப் பிடித்தார், சுயம்பு இன்னொன்றை. நான் முன்னால் நின்று கை காட்டினேன். கூரைக்குள் வந்ததும் கிளமென்ட் தன் சட்டை நுனியால் விமானத்தின் மூக்கைத் துடைத்தார், பிள்ளைக்குத் துடைப்பது மாதிரி. வாடகை என் பெயரில். அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

சொன்னபடி மதுரைக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். டாக்டர் ஆபீசிலிருந்து எனக்குப் போன். பதினெட்டாம் தேதி மறுபரிசோதனை.

கிளப் கூட்டத்திலும் சொன்னார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் அவரைப் பார்த்தேன்.

கண்ணாடி மாற்றியாகிவிட்டது. எஞ்சின் முதல் தடவையே பிடித்தது. இடது இருக்கையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கை தானாக எல்லா இடத்துக்கும் போகிறது.

டிசம்பர் 6, சனி

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. பொய் சொன்னேன் என்று அவர் கண் இமைக்காமல் சொன்னார். அன்றைக்குச் சொன்னது பொய் என்றால், என் மூன்று வருடத்தைத் தின்றவர். இன்றைக்குச் சொல்வது பொய் என்றால், தகரத்தைக் காப்பாற்ற என்னைக் கடலுக்கு அனுப்புகிறவர். இரண்டில் எது என்று அவரிடம் கேட்கப் போவதில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

வண்டி மண்ணில் சறுக்கிவிட்டது. நெற்றியில் ஆறு தையல். இடது முழங்கையில் வீக்கம்.

டிசம்பர் 13, சனி

வலி. எழுத முடிகிறது என்பதால் எழுதுகிறேன்.

நேற்று மெர்லினை டியூஷனில் இறக்கிவிட்டு, அப்படியே வெள்ளாங்கரைக்குத் திரும்பினேன். பின்சீட்டில் அவள் உட்கார்ந்திருந்த சூடுகூட ஆறியிருக்காது. அடுத்து எனக்குத் தெரிந்தது மாரிக்கனியின் முகம். உப்புக் குவியலுக்குள் கிடந்தேன். வாயெல்லாம் உப்பு. ஆம்புலன்ஸ் வரும்வரை என் தலையை மடியில் வைத்திருந்தாள்.

மண்ணில் சறுக்கிவிட்டது என்று நான்தான் அவளிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"மண்ணு எங்க இருக்கு? தார் ரோடு, நேர் ரோடு. நீங்க முழிச்சி முன்னாலயே பாத்துக்கிட்டு வந்திய. வளைவுல திருப்பவே இல்ல. நான் கத்துதேன், காதுல ஏறல. பேய் அடிச்ச மாதிரி நேரா உள்ள வந்திய."

ஆஸ்பத்திரியில் மண் என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரோஸ்லின் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இன்று காலையில் மெர்லின், பெரியம்மா கூட வண்டியில் போகிறேன் என்றதற்கு, அவள் வேண்டாம் என்று சொல்வதற்கு முந்தி நானே வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 15, திங்கள்

பரோட்டாக் கடை பொன்னுலிங்கத்துக்குப் போன் பண்ணினேன். இன்னும் வேண்டுமா என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லாரியில் ஏற்றிப் போக இறக்கையை அறுத்துத்தான் ஆக வேண்டும், உங்களுக்குச் சம்மதமா என்று தயங்கினார். சம்மதம் என்றேன்.

கிளமென்டைப் பழிவாங்க இதைவிடப் பெரியதாக எதுவும் கிடையாது. உள்ளே வைத்துத் துடைத்து, கண்ணாடி மாற்றி, ஓட வைத்த பிறகு பறிப்பது. இதற்காகத்தான் விற்கிறேன். வேறு எதற்காகவும் இல்லை.

டிசம்பர் 18, வியாழன்

மதுரைக்குப் போகவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

அறுத்தார்கள்.

ஹேங்கர் வாசலுக்கு இழுத்து, முட்டுக் கொடுத்து, கட்டர் வைத்தார்கள். தீப்பொறி கூரை வரை போனது. சுயம்பு கேன்டீனுக்குள் போய்விட்டார். முதல் இறக்கை பாதி அறுந்திருந்தபோது கிளமென்ட் கார் வந்தது. ஓடி வருவார், கத்துவார், ஆட்களைத் தள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். காரிலிருந்து இறங்கி அங்கேயே நின்றார். இறக்கை தரையில் விழுந்த சத்தத்துக்கு ஒரு தடவை கண்ணை மூடினார். அதற்குப் பிறகு என் பக்கத்தில் வந்தார்.

"பறக்கத்தான கேட்ட?" என்றார்.

மனசு மாறிவிட்டது என்றேன்.

நெற்றிக்கட்டைப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. எங்கே வச்சு என்று கேட்டார். உப்பளத்து வளைவு என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்தேன், எனக்கு அது பிடிக்கவில்லை. கோபமாகவே இருந்திருக்கலாம்.

கேட்கக்கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "எல்லாம் தெரிஞ்சும் என்னைய மேல அனுப்பியிருப்பியளா?"

"நான் வலது பக்கம் உக்காந்திருப்பேன்ல."

"எல்லா தடவையுமா?"

இரண்டாவது இறக்கைக்குக் கட்டரைத் தூக்கினார்கள். கிளமென்ட் போய், அறுக்கும் இடத்துக்குக் கீழே முட்டு சரியாக இல்லை என்று ஆட்களுக்குக் காட்டி, தானே ஒரு கட்டையைத் தள்ளி வைத்தார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்.

நான் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான். பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு வாளித் துணி துவைத்தேன், கையில் வீக்கத்தோடு.

டிசம்பர் 25, வியாழன்

பூசைக்குப் போகவில்லை. தலைவலி.

ஜனவரி 6, செவ்வாய்

ரோஸ்லின் பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். தையல் போட்ட இடத்தில் வலி இருக்கிறதல்லவா, அதற்காகப் போனேன். பஸ்ஸில்தான் போனோம். வண்டியை அவள் புருஷனே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் சின்னப் பெண், பொறுமையாகப் பேசினாள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, சிலருக்குத் தெரியாது என்றாள். நினைவு தப்பும்போது என்ன நடக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாது, ஏனென்றால் நீங்கள் அங்கே இல்லை. பக்கத்தில் இருந்து முழுசாகப் பார்த்தவர் யாராவது வந்து சொன்னால்தான் எந்த மாத்திரை என்று முடிவு செய்ய முடியும். யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்தேன்.

சாயங்காலம் கிளமென்டுக்குப் போன் பண்ணினேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தார். டாக்டர் கூப்பிடுகிறாள், நீங்கள் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்றேன்.

"எத்தன மணிக்கு வரணும்?" என்றார்.

ஜனவரி 9, வெள்ளி

எங்களுக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் பேசவில்லை. உள்ளே போனதும் டாக்டரைப் பார்த்து மட்டும் சொன்னார்.

மூன்று தடவை பார்த்திருக்கிறாராம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முதலாவது அடுக்களையில், இரண்டாவது கோவிலில். கண் திறந்தே இருக்கும், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், வலது கை மட்டும் எதையாவது முறுக்கிக்கொண்டே இருக்கும், முடிந்ததும் விட்ட இடத்திலிருந்தே பேசுவாள் என்றார். டாக்டர் எழுதிக்கொண்டே போனாள். மூன்றாவது கடலுக்கு மேலே.

"மூக்கு கீழ எறங்கிட்டே இருந்துச்சு டாக்டர். அவ கை பிடிய விடல, எனக்குத் தூக்கிப் பிடிக்கத்தான் முடிஞ்சுது, எறக்க முடியல. அவ திரும்பி வர்ற வரைக்கும் பிடிச்சிட்டு இருந்தேன். அப்புறம் அவதான் எறக்குனா. அழகா எறக்குனா."

டாக்டர் பேனாவை நிறுத்தினாள்.

மாத்திரை காலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று.

வெளியே வந்து நான் நன்றி சொல்லவில்லை. என்னைத் தாண்டி மதுரைக்குப் போனதை மன்னிக்கவும் இல்லை. அதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். அவரும் விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை எங்கள் பின்னாலேயே நடந்து வந்தார். ரோஸ்லின் எனக்கு ஜன்னல் ஓரம் விட்டாள்.

பஸ் திரும்பும்வரை அங்கேயே நின்றாராம். நான் பார்க்கவில்லை. ரோஸ்லின் சொன்னாள்.